கணக்கு உதைக்கக் கூடாது: கன்சல்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பெங்களூரில் மேனேஜ்மென்ட் கன்சல்டிங் வேலையில் சேருகிற நம் பிள்ளைகளுக்கு எக்செல் தெரியும், ஆங்கிலம் வரும், ஸ்லைடு அழகாகப் போடுவார்கள். இருந்தும் முதல் ப்ராஜெக்டில் தடுமாறுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கிளையண்ட் கொடுத்த டேட்டாவை அப்படியே நம்பி அதன்மேல் இரண்டு வாரம் உழைத்துவிடுவார்கள். மூன்றாம் வாரம் கூட்டத்தில் கம்பெனியின் நிதித் தலைவரான சி.எஃப்.ஓ. "இந்த சேல்ஸ் நம்பர் எங்க பேலன்ஸ் ஷீட்டோட உதைக்குதே" என்று ஒரு வரி சொல்வார். அதற்குப் பிறகு மீதி ஸ்லைடுகளை யாரும் நம்பிப் பார்க்க மாட்டார்கள்.

பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி, ஓசூர் பக்கத்து உற்பத்தித் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வாரம், எட்டு வாரம் நடக்கும் ப்ராஜெக்டை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. வங்கி, மருத்துவமனை ப்ராஜெக்டுகளில் பெயர்கள் மாறும், பழக்கங்கள் மாறாது.

போவதற்கு முன்

கிளையண்ட் கம்பெனியின் ஆடிட் ஆன கணக்கைப் படிக்காமல் தொழிற்சாலை கேட்டுக்குள் கால் வைக்காதீர்கள். பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆன கம்பெனி என்றால் ஆண்டறிக்கை இலவசம். பிரைவேட் லிமிடெட் என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்.சி.ஏ.) தளத்தில் 100 ரூபாய் கட்டி அந்தக் கம்பெனியின் ஆவணங்களைப் பார்க்கலாம். ஏ.ஓ.சி.-4 படிவத்தில் நிதிக்கணக்கு இருக்கும், எம்.ஜி.டி.-7 படிவத்தில் பங்குதாரர், இயக்குநர் விவரம் இருக்கும். மூன்று வருடக் கணக்கை எடுத்து ஒரே பக்கத்தில் ஐந்து எண் எழுதிக்கொள்ளுங்கள்: விற்றுமுதல், அதில் மூலப்பொருள் எத்தனை சதவீதம், சம்பளம் எத்தனை சதவீதம், சரக்கு எத்தனை நாள் தேங்குகிறது, வாடிக்கையாளர் பணம் எத்தனை நாளில் வருகிறது. இந்த ஒரு பக்கம் ப்ராஜெக்ட் முடியும்வரை நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். பிறகு வரும் ஒவ்வொரு எண்ணையும் இதோடு உரசிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கிளையண்ட் லிஸ்ட் ஆன கம்பெனியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிமுறைகளின்படி, வெளியே அறிவிக்கப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் கையில் இருக்கும்போது அந்தப் பங்கைத் தொடக் கூடாது. அப்படிப்பட்ட தகவல் யார் யாருக்குப் பகிரப்பட்டது என்று பான் எண்ணோடு டிஜிட்டல் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உங்கள் பெயரும் அதில் ஏறும். மைத்துனரிடம் விளையாட்டாகச் சொன்னாலும் வினைதான்.

அடுத்தது டேட்டா கேட்கும் மெயில். பன்னிரண்டு ஐட்டத்துக்கு மேல் போகாதீர்கள். நாற்பது ஐட்டம் கேட்டால் எது அவசரம் என்று தெரியாமல் எதுவுமே வராது. ஒவ்வொன்றுக்கும் எந்தக் காலத்துக்கு, எந்த அளவுக்கு விவரமாக, யாரிடமிருந்து என்று எழுதுங்கள். "சேல்ஸ் டேட்டா" என்று கேட்டால் மாத மொத்தம் பன்னிரண்டு வரி வரும். "2023 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, இன்வாய்ஸ் வரி வரியாக, பொருள் கோடு, கஸ்டமர் கோடு, வரிக்கு முந்தைய மதிப்பு, ஆவண வகை" என்று கேட்டால்தான் வேண்டியது வரும்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாதம் 7ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வருமான வரியை (டி.டி.எஸ்.) கட்ட வேண்டும், 11ஆம் தேதி விற்பனை விவர ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. கட்டும் ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. இந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு நாளில் அக்கவுண்ட்ஸ் ஆட்களிடம் போய் நின்றால் முகம் கொடுக்க மாட்டார்கள், அது அவர்கள் தப்பும் அல்ல. 12 முதல் 17 வரை, இல்லையென்றால் 21க்கு மேல் உட்காருங்கள். அதே மனிதர் நீங்கள் கேட்காததையும் எடுத்துக் கொடுப்பார்.

டேட்டா வந்ததும்

முதல் வேலை, வந்த ஃபைலை அப்படியே ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வைப்பது. ஃபைல் பெயரில் வந்த தேதியும் கொடுத்தவர் துறையும் இருக்கட்டும். வேலை செய்வது வேறு பிரதியில்.

பிவட் டேபிள் போடுவதற்கு முன்னால் இந்தச் சிக்கல்களைத் தேடுங்கள். இவை எல்லாத் தொழிற்சாலையிலும் வருகிறவை.

எஸ்.ஏ.பி. என்ற கம்பெனி மென்பொருளிலிருந்து எடுத்த ஃபைலில் கழித்தல் குறி எண்ணுக்குப் பின்னால் வரும், 1,250.00- என்று. எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டலில் சேர்க்காது. விற்பனையிலிருந்து கழிக்க வேண்டிய கிரெடிட் நோட் எல்லாம் மாயமாகி விற்பனை பெருத்துத் தெரியும். டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் மூன்றாம் படியில் அட்வான்ஸ்டு அழுத்தி, டிரெய்லிங் மைனஸ் கட்டத்தில் டிக் போட்டால் சரியாகிவிடும்.

டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எக்செலுக்கு வந்த லெட்ஜரில் கண்ணுக்கு டெபிட், கிரெடிட் தெரியும். செல்லுக்குள் வெறும் எண்தான் இருக்கும், அடையாளம் ஃபார்மேட்டில் ஒளிந்திருக்கும். கூட்டினால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். டெபிட், கிரெடிட் தனித்தனி நெடுவரிசையாக மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

தேதி நெடுவரிசையில் பாதி இடது ஓரமும் பாதி வலது ஓரமும் ஒட்டி நின்றால் உஷாராகுங்கள். லேப்டாப் அமெரிக்க முறையில் இருக்கிறது, 05/04 என்பது ஏப்ரல் 5க்குப் பதில் மே 4 ஆகியிருக்கிறது. 12க்கு மேற்பட்ட தேதிகள் மட்டும் எழுத்தாகவே தங்கி உங்களைக் காட்டிக்கொடுக்கின்றன. மாதவாரி விற்பனை கிராஃப் முழுக்கத் தப்பாகும்.

பொருள் கோடு 15 இலக்கத்தைத் தாண்டினால் எக்செல் மிச்ச இலக்கத்தைச் சுழியாக்கிவிடும், முன்னால் இருக்கும் சுழிகளையும் விழுங்கும். கோடு நெடுவரிசையை எழுத்தாகவே திறக்க வேண்டும். ஃபைலில் சரியாக 10,48,576 வரி இருந்தால் அதற்குமேல் எக்செலில் இடமில்லை என்று அர்த்தம், மீதி டேட்டா வெளியே நிற்கிறது.

இதெல்லாம் முடிந்ததும் டேலி பண்ணுவது, அதாவது ஃபைலின் மொத்தம் ஆடிட் ஆன எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மேனேஜர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். ஒரு எடுத்துக்காட்டு: பீன்யாவில் தொழிற்சாலை, ஓசூரில் டிப்போ, எல்லாம் 18 சதவீத ஜி.எஸ்.டி. பொருள். ஆடிட் ஆன விற்றுமுதல் 359.1 கோடி. உங்களுக்கு வந்த ஃபைலின் மொத்தம் 472 கோடி. முதலில் பார்க்க வேண்டியது, இது இன்வாய்ஸ் மதிப்பா, வரிக்கு முந்தைய மதிப்பா என்பது. வரியை நீக்கினால் 400 கோடி. அடுத்து டிப்போவுக்கு அனுப்பிய சரக்கு. கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் சொந்தச் சரக்குக்கும் ஜி.எஸ்.டி.யில் டாக்ஸ் இன்வாய்ஸ் போட வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மாநிலப் பதிவும் தனி நபராகக் கணக்கு. அதே சரக்கை டிப்போ விற்கும்போது மறுபடி இன்வாய்ஸ். ஒரே பொருள் இரண்டு முறை விற்பனையாகத் தெரியும். அந்த 31.5 கோடியைக் கழித்தால் 368.5. திரும்பி வந்த சரக்கு, விலை வித்தியாச கிரெடிட் நோட் 9.2 போனால் 359.3. மார்ச் 31இல் பில் போட்டு ஏப்ரலில் சரக்கு போய்ச் சேர்ந்தது 2.1, அதுவும் இந்த வருட விற்பனை அல்ல, 357.2. ஸ்கிராப் விற்றது தனி லெட்ஜரில் 1.6, கணக்கில் அது விற்றுமுதலோடு சேரும், 358.8. ஆடிட் எண்ணோடு வித்தியாசம் 30 லட்சம், 0.1 சதவீதத்துக்கும் கீழே. இங்கே நிறுத்தலாம்.

இந்த ஆறு வரியை எக்செலின் முதல் ஷீட்டில் வைத்து, சி.எஃப்.ஓ.வின் ஆளிடம் காட்டி "சரி சார்" என்று மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் நின்றால் ஆய்வைத் தொடங்க வேண்டாம். டிப்போ சரக்கைக் கவனிக்காமல் விட்டால் மொத்தம் மட்டும் பிசகாது. ஓசூர் டிப்போ உங்கள் கணக்கில் ஒரு பெரிய கஸ்டமராக முளைக்கும், அந்தக் கஸ்டமருக்கு லாபமே இல்லை என்று நீங்கள் ஸ்லைடு வேறு போடுவீர்கள்.

இன்னொன்று, முதல் நாளே லட்சமா கோடியா மில்லியனா என்று முடிவு செய்து எழுதிவிடுங்கள். தலைமையகம் வெளிநாட்டில் இருந்தால் மில்லியன் கேட்பார்கள். ஒரு கோடி என்பது பத்து மில்லியன். ஒரே டெக்கில், அதாவது ஸ்லைடு தொகுப்பில், இரண்டும் கலந்தால் பத்து மடங்குப் பிழை எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

ஷாப் ஃப்ளோரில்

பாதுகாப்பு ஷூ சொந்தமாக வாங்குங்கள். கேட்டில் கொடுக்கும் ஷூ உங்கள் அளவில் இருக்காது, எட்டு மணி நேரம் நிற்க முடியாது. பீன்யா ஃப்ளோரில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி நாலும் ஓடும். சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் ஒரு "ஊட்டா ஆய்த்தா அண்ணா?" போதும், பேச்சு தொடங்கிவிடும், அண்ணா என்பது கன்னடத்திலும் அண்ணாதான். தமிழ் ஆபரேட்டர் ஒருவர் கிடைத்தார் என்று அவரோடு மட்டும் ஒட்டிக்கொள்ளாதீர்கள். மற்றவர்கள் கவனிப்பார்கள், அவருக்குத்தான் பிறகு சங்கடம்.

ஸ்டாப்வாட்ச்சோடு ஆபரேட்டர் முதுகுக்குப் பின்னால் நிற்பது பெரிய தப்பு. முதலில் சூப்பர்வைசரோடு போய், என்ன அளக்கிறோம், எதற்கு என்று நேராகச் சொல்லுங்கள். "மெஷின் ஏன் நிக்குதுன்னு பாக்கறோம், உங்க வேகத்தை அளக்கல" என்று சொல்லிவிட்டு, எழுதுவதை அவருக்கும் காட்டுங்கள். அவரே காரணம் சொல்லத் தொடங்குவார். குறைந்தது இரண்டு முழு ஷிப்ட், அதில் ஒன்று இரவு. ஷிப்ட் மாறும் அரைமணியைத் தவறவிடாதீர்கள், அதிக நேரம் அங்கேதான் கசியும்.

எழுத வேண்டியது ஒரு நிமிடத்துக்கு மேல் நின்ற ஒவ்வொரு நிறுத்தமும், காரணத்தோடு. ஒரு ஷிப்ட் இப்படி இருக்கும்: மொத்தம் 480 நிமிடம், சாப்பாடு 30, டீ இரண்டு முறை பத்துப் பத்து, மீதி 430. டூல் மாற்றம் 28, மெட்டீரியலுக்குக் காத்திருப்பு 17, இன்ஸ்பெக்ஷனுக்குக் காத்திருப்பு 12, மற்றவை 8, ஆக 65 நிமிடம் மெஷின் நின்றது. ஓடியது 365, அதாவது 85 சதவீதம். ஒரு பீஸுக்கு 45 வினாடி என்றால் 365 நிமிடத்தில் 486 வந்திருக்க வேண்டும், வந்தது 420, அது 86 சதவீதம். அதில் நல்லது 405, அது 96 சதவீதம். மூன்றையும் தசமத்தை விடாமல் பெருக்கினால் மெஷினின் மொத்தத் திறனான ஓ.இ.இ. 71 சதவீதம்.

லாக் புக்கைத் திறந்தால் அதே ஷிப்டுக்கு "நிறுத்தம் 30 நிமிடம்" என்று மட்டும் இருக்கும், 93 சதவீதம் ஓடியது என்று ரிப்போர்ட் போகும். யாரும் பொய் எழுதவில்லை. ஐந்து நிமிட நிறுத்தத்தை ஒவ்வொரு முறையும் எழுத ஆபரேட்டருக்கு நேரமில்லை, ஷிப்ட் முடிவில் முழு எண்ணாகப் போடுகிறார். இதை யார்மேலும் குற்றமாக வைக்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

சேமிப்புக் கணக்குதான் கன்சல்டன்ட் பெயர் கெடும் இடம். 71ஐ 80 ஆக்கினால் ஷிப்டுக்கு 405க்குப் பதில் 458 நல்ல பீஸ், 53 கூடுதல். இரண்டு ஷிப்ட், 25 நாள், மாதம் 2,650 பீஸ். விற்பனை விலை 140 ரூபாய் என்று பெருக்கி வருடத்துக்கு 44.5 லட்சம் ஆதாயம் என்று எழுதிவிடுவார்கள். ஆர்டர் இல்லாத பீஸைச் செய்தால் அது குடோனில் அடையும், பணமாகாது. நிஜமான கேள்வி: இந்தக் கூடுதல் நேரத்தால் எந்தச் செலவு நிற்கும்? இதே பீஸை இப்போது வெளியே ஜாப் வொர்க்குக்கு 18 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், உள்ளே செய்தால் டூல், கரண்ட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பீஸுக்கு மிச்சம் 13. மாதம் 34,450, வருடம் நாலே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரு மெஷினுக்கு இதுதான் நேர்மையான எண். ஜாப் வொர்க் இல்லையென்றால் ஓவர்டைம் குறைகிறதா பாருங்கள், சட்டப்படி அது இரு மடங்குச் சம்பளம். இரண்டும் இல்லையென்றால் "இடம் கிடைக்கிறது, பணம் இப்போதைக்கு இல்லை" என்றே எழுதுங்கள். 44 லட்சம் என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்த வருடக் கணக்கில் அந்தப் பணத்தைத் தேடப்போவது பிளாண்ட் ஹெட்.

பேட்டி

இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் கேட்க ஒருவர் எழுத. 45 நிமிடம், ஆறு கேள்வி. "என்ன பிரச்சினை?" என்று ஆரம்பித்தால் எல்லோரும் பக்கத்துத் துறையைக் காட்டுவார்கள். "நேத்து காலைல வந்ததுலேர்ந்து என்ன பண்ணீங்க சார்?" என்று கேளுங்கள். அவர் ஒரு ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னால் அதைக் காட்டச் சொல்லுங்கள். சொல்வதும் தாளில் இருப்பதும் பல இடத்தில் வேறுபடும். குறிப்பை அன்று இரவே டைப் அடித்துவிட வேண்டும். அவர் சொன்னது ஒரு நிறத்தில், உங்களுக்குத் தோன்றியது வேறு நிறத்தில். மூன்று நாள் கழித்து எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். டெக்கில் பெயர் போடக் கூடாது. "ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர்" என்று போட்டாலும் அங்கே ஒரே ஒரு சூப்பர்வைசர்தான் என்றால் அதுவும் பெயர்தான்.

டெக்கும் கூட்டமும்

ஸ்லைடின் தலைப்பு முழு வாக்கியமாக, எண்ணோடு இருக்கட்டும். "மெஷின் ஆய்வு" என்றால் ஒன்றும் சொல்லவில்லை. "நின்ற 65 நிமிடத்தில் 28 நிமிடம் டூல் மாற்றத்துக்கே போகிறது" என்றால் எம்.டி. தலைப்பை மட்டும் படித்தே பேசத் தொடங்கிவிடுவார். கீழே எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரம் பார்த்தது என்று ஆதாரம். தலைப்புகளை மட்டும் வரிசையாகத் தாளில் எழுதிப் படியுங்கள். கதையாக ஓடவில்லை என்றால் வரிசை தப்பு.

ப்ராஜெக்டை மேற்பார்வை செய்யும் ஸ்டியரிங் கமிட்டியில் யாரும் தங்கள் துறையின் எண்ணை முதல்முறையாகப் பார்க்கக் கூடாது. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் பிளாண்ட் ஹெட்டிடம் தனியாக அந்த 71ஐக் காட்டுங்கள். அவர் கோபப்படலாம், "எங்க லாக் புக்ல 93 இருக்கு" என்பார். வாதாட வேண்டாம். நிறுத்தப் பட்டியலை நிமிடம் நிமிடமாக அவர்முன் வையுங்கள், எந்த வரி தப்பு என்று கேளுங்கள். இரண்டு வரியைத் திருத்துவார், அதை அங்கேயே மாற்றுங்கள். அவர் திருத்திய எண்ணுக்குக் கூட்டத்தில் அவரே பதில் சொல்வார். எம்.டி. முன்னால் அதை முதல்முறையாகக் காட்டியிருந்தால், சரியான எண்ணுக்கும் எதிரியாகியிருப்பார்.

பயணமும் பில்லும்

பீன்யாவுக்கு மெட்ரோ பச்சைத் தடம். பொம்மசந்திராவுக்கு மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, சில்க் போர்டு நெரிசலில் கேபில் உட்காருவதைவிட எவ்வளவோ மேல். காலை 6 மணி ஷிப்டைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவே அந்தப் பக்கம் தங்கிவிடுங்கள். வெளியூர் வேலையில் விமான டிக்கெட்டுக்குக் கம்பெனி ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால் வரிக் கிரெடிட் வரும். ஓட்டலில் அப்படியில்லை, மும்பை ஓட்டல் மகாராஷ்டிர வரிதான் போடும், கர்நாடக எண்ணுக்குக் கிரெடிட் கிடைக்காது. உங்கள் கம்பெனிக்கு அந்த மாநிலத்தில் பதிவு இருந்தால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் போங்கள்.

கேபிலும் ரயிலிலும் கிளையண்ட் பெயர் சொல்லாதீர்கள். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்ற நினைப்பு பெங்களூரில் ஆபத்து, பாதிப் பேருக்குப் புரியும். சென்னை போகும் வந்தே பாரத்தில் பக்கத்துச் சீட்டில் கிளையண்டின் ஆடிட்டரே இருக்கலாம். லேப்டாப்புக்குப் பிரைவசி திரை ஒட்டுங்கள். சம்பள டேட்டா கேட்கும்போதே பெயரை நீக்கி, ஊழியர் எண்ணோடு மட்டும் தரச் சொல்லுங்கள்.

தினமும் கிளம்பும் முன் மேனேஜருக்கு மூன்று வரி: இன்று முடிந்தது, நாளைக்கு உள்ளது, எங்கே மாட்டியிருக்கிறது. மூன்றாவது வரியை மறைக்கிறவர்கள்தான் வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணிவரை உட்காருகிறார்கள். சாப்பாடு தொழிற்சாலை கேன்டீனில், தொழிலாளர் நேரத்தில். ஒரு நேரச் சாப்பாடாவது வேளைக்கு உள்ளே போகும்.

கிளம்பும் வாரம்

எக்செலை கிளையண்ட் ஆள் ஒருவர் தனியாக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மவுஸைத் தொடாமல், புது மாத டேட்டாவை அவர் போட்டு 71 மாதிரி ஒரு எண் வரவைக்கும்வரை இருங்கள். ஃபார்முலாவுக்குள் நேரடியாக எண் அடித்திருந்தால் அன்றுதான் அது வெளியே வரும். எல்லா அனுமானமும் ஒரே ஷீட்டில், மஞ்சள் கட்டத்தில் இருக்கட்டும்.

முதல் நாள் கேட்டில் லேப்டாப் சீரியல் எண்ணை ரிட்டர்னபிள் கேட் பாஸில் பதிய மறந்திருந்தால் கடைசி நாள் வெளியே எடுத்துப்போக விட மாட்டார்கள், செக்யூரிட்டியிடம் கெஞ்சி நிற்க வேண்டும். ஒப்பந்தப்படி எதை வைத்துக்கொள்ளலாம், எதை அழிக்க வேண்டும் என்று பார்த்து, மற்றதை லேப்டாப், பென் டிரைவ், வாட்ஸ்அப் மூன்றிலும் அழியுங்கள். ஷாப் ஃப்ளோரில் எடுத்த போட்டோக்கள் போன் கேலரியில் தங்கிவிடும், அங்கேயும் பாருங்கள். அழித்தாயிற்று என்று தேதியோடு சி.எஃப்.ஓ.வுக்கு ஒரு மெயில் போடுங்கள்.